நெயில் கன் ஒரே அழுத்தில் இரண்டு ஆணி விடுகிறதா?

கேள்வி: மாங்குளம் பக்கம் கூரை வேலையும் கதவு, யன்னல் நிலை வேலையும் செய்கிறோம். கொம்பிரசரின் காற்றால் ஆணி அடிக்கும் பழைய நெயில் கன் ஒன்று வாங்கினோம். பனஞ்சலாகையில் அடிக்கும்போது சிலவேளை ஒன்றுக்குப் பதிலாக இரண்டு ஆணி பாய்கிறது. பாலை மரத்தில் ஆணி பாதியில் நிற்கிறது, அல்லது வளைகிறது. காற்றைக் கூட்டினோம், இன்னும் மோசம். கன் பழுதா? வேலை பழகும் தம்பிமாரிடம் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

பதில்: கன் பழுதாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. ஆனால் கீழே உள்ள சோதனையைச் செய்து முடிக்கும்வரை அதைக் கூரைக்கு ஏற்றாதீர்கள்.

நெயில் கன்னில் முக்கியமாக இரண்டு விதமான ட்ரிகர் உண்டு. ஒன்று ஒற்றை ட்ரிகர்: மூக்கை, அதாவது ஆணி வெளிவரும் முனையை, மரத்தில் அழுத்திய பிறகு ட்ரிகரை இழுத்தால்தான் ஆணி போகும். அடுத்த ஆணிக்கு ட்ரிகரை விட்டு மறுபடி இழுக்கவேண்டும். மற்றது தட்டு ட்ரிகர்: ட்ரிகரை இழுத்துப் பிடித்தபடியே இருக்கலாம், மூக்கு எதில் தட்டினாலும் ஆணி பாயும். அது மரமோ, தொடையோ, ஏணியில் நிற்பவரின் தோளோ, கன்னுக்குத் தெரியாது. உங்களுடையது இந்த இரண்டாம் வகை என்றுதான் நீங்கள் சொல்வதிலிருந்து தெரிகிறது.

ஆணி பாயும்போது கன் பின்னால் உதைக்கும். உதையில் மூக்கு மரத்தை விட்டு எழும்பும். உங்கள் கை அதைத் திரும்பக் கீழே தள்ளும். விரல் அந்த நேரத்துக்குள் ட்ரிகரை விட்டிராது. மூக்கு மறுபடி தட்ட, இரண்டாவது ஆணி. அது முதல் ஆணியின் தலையில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்லமுடியாது. மரம் எவ்வளவு வைரமோ உதை அவ்வளவு பலம். காற்றைக் கூட்டினாலும் உதை கூடும். நீங்கள் செய்த வைத்தியமே நோயைக் கூட்டிவிட்டது.

சோதனை இது. ஆணிகளை முழுவதும் கழற்றுங்கள். கண்ணாடி அணிந்து, ஒரு கழிவுப் பலகையை நிலத்தில் வைத்து, காற்றைக் கொடுங்கள். முதலில், மூக்கு எதிலும் படாமல் கீழ்நோக்கிப் பிடித்து ட்ரிகரை இழுங்கள். அடித்தால், மூக்கு அழுந்தாமல் ஆணி போகாதபடி தடுக்கும் காவலே அந்தக் கன்னில் இல்லை, வேலைக்கு எடுக்கக்கூடாது. அடுத்து, ட்ரிகரை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூக்கைப் பலகையில் தட்டுங்கள். அடித்தால் தட்டு ட்ரிகர். அடிக்காவிட்டால் மூக்கை முதலில் அழுத்தி, பிறகு ட்ரிகரை இழுத்துப் பாருங்கள், இப்போது அடிக்கவேண்டும். (ஆணி இல்லாவிட்டால் மூக்கு இறங்காதபடி பூட்டிக்கொள்ளும் கன்களும் உண்டு. அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ட்ரிகர் பக்கத்தில் உள்ள குறியீட்டையோ மாற்றுப் பொத்தானையோ பாருங்கள்.)

தட்டு ட்ரிகர் என்றால் உடலில் உள்ள மாடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு ஒற்றை ட்ரிகர் பாகம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். பல கன்களுக்கு அது தனியாக விற்கப்படுகிறது. கிடைக்காவிட்டால் ஏணிக்கும் கூரைக்கும் இந்தக் கன் வேண்டாம், பழகுநர் கையிலும் வேண்டாம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனங்கள் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, தட்டு ட்ரிகரில் காயம்படும் ஆபத்து ஒற்றை ட்ரிகரைப்போல இரண்டு மடங்கு என்கிறது. வேகம் கொஞ்சம் குறையும்தான். ஒரு விரலுக்கு அது பெரிய விலை அல்ல. மூக்குக் காவலைக் கம்பியால் கட்டிவைக்கும் பழக்கம் சில பட்டடைகளில் உண்டு. அதை எவரும் செய்ய விடாதீர்கள்.

இனி மரம். இந்தக் கன்கள் பெரும்பாலும் பைன் போன்ற மென்மரத்துக்காகச் செய்யப்பட்டவை. பாலையோ தண்ணீரில் தாழும் மரம். காய்ந்த பாலைக்கும் முதிரைக்கும் கன் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. 3 மி.மீ. ஆணிக்கு 2.5 மி.மீ. துளை போட்டுச் சுத்தியலால் அடியுங்கள், அல்லது திருகாணி பூட்டுங்கள். போட்ட துளைக்குள் கன்னால் அடிக்க முயலவும் கூடாது, மூக்கு துளைக்கு நேரே நிற்காது. பனையில் வெளிவைரம் இரும்புபோல, உள்ளே சோற்றிப் பகுதி மென்மை. வைரத்தின் கறுப்பு நாரில் பட்ட ஆணி நார் போன வழியே வளைந்து பக்கவாட்டில் வெளியேறும். சலாகையைப் பிடிக்கும் கை, ஆணி விழும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்கு அப்பால் இருக்கவேண்டும். அவ்வளவு தூரம் விடமுடியாத சிறு துண்டென்றால் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போடுங்கள். ஓரத்தில், கணுவில் அடிக்காதீர்கள்.

காற்றழுத்தத்தை 70 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, கழிவுத் துண்டில் அடித்துப் பார்த்து, ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். ஆணித்தலை மரத்தோடு சமனாக வந்ததும் நிறுத்துங்கள். கன்னின் உடலில் பொறித்த உச்ச அளவை ஒருபோதும் தாண்டவேண்டாம். அந்த அளவிலும் ஆணி இறங்காவிட்டால் அந்த மரம் கன்னுக்கு உரியதல்ல.

வன்னிப் பகுதியில் மரம் வாங்குபவர் மறக்கக்கூடாத ஒன்று: போர்க்காலத்தில் நின்ற மரங்களுக்குள் சன்னமும் செல் துண்டும் இன்னும் இருக்கலாம். அதில் ஆணி பட்டால் அடித்தவர் முகத்துக்கே திரும்பும். வேம்பு, முதிரை போன்றவை காயத்தை மூடி வளர்ந்துவிடும், வெளியே தெரியாது. பனை அப்படி மூடாது, பழைய துளை கறுப்பாகத் தெரியும். அறுத்த பலகையில் நீலக்கறுப்புக் கறை இருந்தால் உள்ளே இரும்பு இருக்கிறதா என்று சந்தேகியுங்கள். காந்தம் ஈய, செப்புச் சன்னத்தைக் காட்டாது. கையில் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவி இருந்தால் நல்லது. வெடிக்காத பொருள்போலத் தெரிந்தால் தொடாமல் விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள்.

ஆணி சிக்கினால் முதலில் காற்றுக் குழாயைக் கழற்றுங்கள், ரெகுலேட்டரை மூடுவது போதாது. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: குழாயை இணைக்கும் மூட்டில் வால்வு உள்ள பெண் கப்ளரைக் கன் பக்கம் பூட்டிவிடுகிறார்கள். அப்போது குழாயைக் கழற்றினாலும் கன்னுக்குள் காற்று அடைபட்டு நிற்கும், இன்னொரு ஆணி பாயும். கன் பக்கம் வால்வு இல்லாத ஆண் முனை இருக்கவேண்டும். கழற்றியதும் "புஸ்" என்று காற்று வெளியேறினால் சரி.

கிராமத்து லைனில் மின்னழுத்தம் குறையும் நேரத்தில் நீளமான வயரில் கொம்பிரசரை ஓட்டினால் மோட்டார் திணறி எரியும். வயரைக் குட்டையாக வைத்து, காற்றுக் குழாயை நீட்டுங்கள். கரண்ட் இல்லை என்று வெல்டிங் கடையின் ஒட்சிசன் சிலிண்டரைக் கன்னில் பூட்டுவது உயிரோடு விளையாடுவது. எண்ணெயோடு சேர்ந்தால் கன் வெடிக்கும். காஸ் சிலிண்டரும் அப்படியே. தொட்டியின் அடி வால்வைத் திறந்து நாள்தோறும் தண்ணீரை விடுங்கள், மாரியில் கூடுதலாகச் சேரும். காலையில் நாலைந்து சொட்டு காற்றுக்கருவி எண்ணெய் போதும்.

கூரையில் குழாயின் பாரம் ஆளை இழுக்கும், அதைக் கைமரத்தில் ஒரு இடத்தில் கட்டிவிடுங்கள். நடக்கும்போதும் கன்னைக் கைமாற்றும்போதும் விரல் ட்ரிகரில் இருக்கக்கூடாது. செருப்போடு ஏறவேண்டாம், மூடிய சப்பாத்து வேண்டும். வெயில் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது, பக்கங்களும் மூடியதாக வாங்குங்கள். காதுக்கும் அடைப்பு வேண்டும்.

ஆணி உடம்பில் ஏறிவிட்டால் பிடுங்காதீர்கள். ஆணிகளைக் கோர்த்திருக்கும் பிளாஸ்டிக், பசை, கம்பித் துணுக்குகள் உள்ளே தங்கும். எலும்பும் நரம்பும் பட்டதா என்று எக்ஸ்ரேயும் பரிசோதனையும்தான் சொல்லும். அடிபட்ட இடத்தை அசையாமல் துணியால் தாங்கிக் கட்டி, 1990 அம்புலன்சை அழையுங்கள், அல்லது நேரே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளில் அருகில் உள்ளதற்குக் கொண்டுபோங்கள். காயம் சின்னதாகத் தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும் போகவேண்டும். ஏற்புவலித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதைத் தம்பிமாரிடம் இப்போதே கேட்டுக் குறித்துவையுங்கள். வைத்தியர் அதைக் கேட்பார்.