வீட்டிலேயே லேசர் இன்டர்ஃபெரோமீட்டர் கட்டி விஎம்சியின் துல்லியத்தைச் சோதிக்க முடியுமா?

கேள்வி கோவையில் இருக்கும் ஒரு சிறு பட்டறையிலிருந்து. பழைய விஎம்சி (கணினி இயக்கும் செங்குத்து மில்லிங் மெஷின்), எக்ஸ் ஆக்சிஸ் 500 மி.மீ., கன்ட்ரோலரில் பிட்ச் எரர் காம்பன்சேஷன் (டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் பிழைக்கான திருத்தம்) போட வேண்டும், அதற்கான அளவை நாமே எடுக்கலாமா என்று.

எடுக்கலாம். இன்டர்ஃபெரோமீட்டர் என்பது ஒளி அலைகளை எண்ணித் தூரத்தை அளக்கும் கருவி. லேசரும் கண்ணாடிகளும் பொறுமை இருந்தால் அமைந்துவிடும். அளவைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றும் இரும்பின் சூடும்தான். அதனால் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அங்கே போகிறேன்.

லேசர் டையோடு வேண்டாம். டெம்பரேச்சர் ஒரு டிகிரி மாறினால் அதன் அலைநீளம் சுமார் 0.2 நானோமீட்டர் நகரும். அது 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு), அதாவது மீட்டருக்கு 300 மைக்ரான். ஹீலியம்-நியான் குழாய் எதையும் லாக் செய்யாமலே (அலைநீளத்தைக் கட்டி நிறுத்தாமலே) இரண்டு மூன்று பிபிஎம்முக்குள் நிற்கும். 15 செ.மீ. அளவுள்ள சிறிய, போலரைசேஷனை (ஒளி அதிரும் திசையை) ஒரே திசையில் கட்டிவைக்காத குழாய் போதும். அதில் இரண்டு மோடுகள் (சற்றே வேறுபட்ட அலைநீளங்கள்) ஒன்றுக்கொன்று செங்குத்தான போலரைசேஷனில் ஓடும். ஒன்றை மட்டும் போலரைசர் வைத்து எடுங்கள். இரண்டும் உள்ளே போனால் டேபிள் நகரும்போது சில இடங்களில் சிக்னல் மங்கிச் செத்து, சற்றுத் தள்ளித் திரும்ப உயிர்பெறும்; கோளாறு எலக்ட்ரானிக்ஸில் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். குழாய் சூடாகி நீளும்போது மோடுகள் நகர்வதால், பின்பக்கக் கண்ணாடியில் கசியும் ஒளியை இரு போலரைசேஷனாகப் பிரித்து, இரண்டும் சமமாக இருக்கும்படி குழாயைச் சுற்றிய ஹீட்டர் கம்பியின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துங்கள். கம்பியை இரட்டையாக மடித்துச் சுற்றினால் காந்தப்புலம் உருவாகாது. பட்டறை 34 டிகிரியில் இருக்கும் ஊர் என்பதால் குழாய் அதைவிட நன்றாகவே சூடான இடத்தில் லாக் ஆக வேண்டும்; அரைமணி நேரம் விடுங்கள். குழாயின் பவர் சப்ளை எரியத் தொடங்கும்போது பல ஆயிரம் வோல்ட் தரும், அணைத்த பிறகும் சார்ஜ் நிற்கும். கையை வைக்கும் முன் டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

போலரைசரைக் கடந்த கற்றை, அதன் போலரைசேஷன் 45 டிகிரி சாய்ந்திருக்கும்படி, போலரைசிங் பீம் ஸ்ப்ளிட்டருக்குள் போகட்டும். ஒரு பாதி ஸ்ப்ளிட்டரோடு ஒட்டிய கார்னர் க்யூபுக்கு (ஒளியை வந்த திசையிலேயே திருப்பும் கண்ணாடி), மறுபாதி நகரும் கார்னர் க்யூபுக்கு. திரும்பி வந்து சேர்ந்ததும் குவாட்டர் வேவ் பிளேட்டை (கால் அலை விலக்கும் தகடு) 45 டிகிரியில் வைத்துக் கடத்தி, சாதா பீம் ஸ்ப்ளிட்டரால் இரண்டாக்கி, ஒன்றின் முன் 0 டிகிரி போலரைசர், மற்றதின் முன் 45 டிகிரி போலரைசர், பின்னால் ஃபோட்டோடையோடு. இப்போது சைன், கோசைன் சிக்னல் கிடைக்கும். ஆசிலாஸ்கோப்பை எக்ஸ்-ஒய் மோடில் போட்டு டேபிளை மெதுவாக ஜாக் செய்தால் திரையில் புள்ளி வட்டமடிக்க வேண்டும். வட்டம் நசுங்கி முட்டை வடிவமானால் வேவ் பிளேட்டின் கோணத்தைத் திருத்துங்கள். வட்டம் நடுவைவிட்டு விலகினால் ஆஃப்செட்டைத் திருத்துங்கள். நடுப்புள்ளியைச் சுற்றிவராமல், அச்சுக்கோடுகளைக் கடக்காத வட்டத்தில் கவுண்டர் எண்ணவே எண்ணாது.

ஒரு முழு வட்டம் 316.4 நானோமீட்டர். நான்காக எண்ணினால் 79. டேபிள் நிமிடத்துக்கு 1 மீட்டர் ஓடினால் வினாடிக்கு சுமார் 52,700 வட்டம், 2,10,000 எண்ணிக்கை. அர்டுயினோவின் இன்டரப்ட் இதில் தவறவிடும். எஸ்டிஎம்32 போர்டின் டைமரை என்கோடர் மோடில் வையுங்கள். அது பெரும்பாலும் 16 பிட், 5.2 மி.மீ.க்கு ஒருமுறை சுழன்று பூஜ்யத்துக்கு வரும். 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படித்துக் கூட்டிவந்தால் போதும்.

ஸ்ப்ளிட்டரும் நிலையான க்யூபும் ஸ்பிண்டிலில், நகரும் க்யூப் டேபிளில். லேசர் மட்டும் மெஷினுக்கு வெளியே ஸ்டாண்டில். டூலுக்கும் ஜாபுக்கும் இடையிலான தூரத்தைத்தானே அளக்கிறோம். அலைன் செய்ய, டேபிள் அருகில் இருக்கும்போது லேசரை நகர்த்தியும், கடைசியில் இருக்கும்போது சாய்த்தும், திரும்பி வரும் புள்ளி ஒரே இடத்தில் நிற்கும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். க்யூப் விலகலை இரட்டித்துக் காட்டும். 500 மி.மீ.க்குப் புள்ளி 1 மி.மீ. ஓடினால் பிழை கால் மைக்ரான், பொருட்படுத்த வேண்டாம். 5 மி.மீ. ஓடினால் 6 மைக்ரான் குறைவாகக் காட்டும். இந்தப் பிழை எப்போதும் குறைக்கும் பக்கம்தான் போகும்.

இனி காற்று. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 965 ஹெக்டோபாஸ்கல். 1013 என்று போட்டுவிட்டால் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 0.27 பிபிஎம் வீதம் மீட்டருக்கு 13 மைக்ரான் பிழை. காற்றை 20 டிகிரி என்று விட்டால் 34 டிகிரி வெயிலில் இன்னொரு 12 அதே பக்கம் சேரும். வானிலை ஆப்பில் வரும் அழுத்தத்தை எடுத்துப் போடாதீர்கள். அது கடல்மட்டத்துக்குத் திருத்திய எண். சிறிய பிஎம்இ280 சென்சார் உங்கள் மேஜையில் உள்ள உண்மையான அழுத்தத்தைத் தரும், ஈரப்பதத்தையும் தரும்.

இரும்பு இன்னும் பெரிய ஆள். டிகிரிக்கு மீட்டருக்கு 11.7 மைக்ரான் நீளும். 34 டிகிரியில் இருந்து, அளவுகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் 20க்குத் திருத்தினால் 164 மைக்ரான். டெம்பரேச்சர் சென்சார் அரை டிகிரி தவறினாலே 6 மைக்ரான் போய்விடும். எனவே மலிவு சென்சாரை வாங்கியவுடன் அரைத்த ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பாருங்கள். சென்சாரை டேபிளில், ஜாப் உட்காரும் இடத்தில் ஒட்டுங்கள். பால் ஸ்க்ரூவில் ஒட்டித் திருத்தினால் ஸ்க்ரூ சூடாகி நீள்வது கணக்கிலேயே மறைந்துபோகும். நீங்கள் பிடிக்க நினைத்ததே அதுதான்.

அளவெடுக்கும்போது மெஷினை ஓட்டிச் சூடாக்கிய பிறகு தொடங்குங்கள். மெஷின் துல்லியச் சோதனைக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 230-2 சொல்வதுபோல இரு திசையிலும் ஐந்தைந்து முறை. நிறுத்தும் இடங்களை ஸ்க்ரூவின் பிட்ச்சின் (ஒரு சுற்றில் நகரும் தூரம்) முழு மடங்காக வைக்காதீர்கள். 10 மி.மீ. ஸ்க்ரூவில் 50, 100, 150 என்று நின்றால் ஒரு சுற்றுக்குள் வரும் பிழை கண்ணிலேயே படாது. 53.7, 101.2 என்று கலைத்துப் போடுங்கள். ஒவ்வொரு முனையிலும் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்புங்கள், அப்போதுதான் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு) சுத்தமாகத் தெரியும். அதிர்வு வராமல் இருக்கக் கம்ப்ரசரை நிறுத்திவிடுங்கள்.

ஓட்டம் முடிந்து பூஜ்யத்துக்கு வரும்போது எண்ணும் பூஜ்யத்துக்கு வரவேண்டும். டேபிளில் ஒரு மைக்ரான் டயல் வைத்து ஒத்துப்பாருங்கள். டயல் பழைய இடத்துக்கு வந்து லேசர் வராமல் போனால், கன்ட்ரோலரின் காம்பன்சேஷன் அட்டவணையில் ஒரு எண்ணைக்கூடத் தொடாதீர்கள். எண்ணிக்கை தவறியிருக்கிறது, அல்லது நடுவில் காற்று மாறியிருக்கிறது.