கடலில் எடுத்ததைப் பழப்புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

மூழ்கிய கப்பல்களில் எடுத்த பொருள் என்னவென்று ஆய்வுகூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வந்த ஒழுங்கிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணை, நெடுந்தீவுப் பக்கம் வலையில் பச்சை பிடித்த கிண்ணம் ஒன்று வந்தது. அம்மா பழப்புளி போட்டு மினுக்கிவிட்டார். பிழையா?

போனது போனதுதான் தம்பி. அந்தப் பச்சையும் கறுப்பும்தான் எங்களுக்குச் சாட்சி. செம்பில் படிந்தது குளோரைட்டா சல்பைட்டா என்று பார்த்தால், பொருள் திறந்த மணலில் கிடந்ததா, காற்றுப் புகாத சேற்றுக்குள் கிடந்ததா என்று ஓரளவு சொல்லலாம். இனித் தேய்க்காமல், காய விடாமல், நல்ல தண்ணீரில் போட்டு வைத்துவிட்டுத் தொல்லியல் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: என்ன உலோகம் என்று அளக்கும் கைக்கருவி, அந்த எக்ஸ்கதிர்த் துவக்கைக் காட்டினால் உடனே தெரியாதா?

தெரியும், ஆனால் தோல் மட்டும். கடல்நீர் பித்தளையிலிருந்து நாகத்தை (துத்தநாகத்தை) அரித்துக்கொண்டு போய்விடும், மேற்பரப்பை மட்டும் அளந்தால் கருவி செம்பு என்று சொல்லும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். உள்ளே அரிக்காத இடத்தில் குண்டூசித் தலையளவு எடுத்தால்தான் நான் நம்புவேன்.

கேள்வி: உலோகம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

செம்புக்குள் கொஞ்சம் ஈயம் இருக்கும், அதன் ஐசோடோப்பு விகிதம், அதாவது நிறை வேறுபட்ட ஈய அணுக்களின் விகிதம், சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். துருக்கிக் கரையில் உளுபுருன் கப்பலில் கிடைத்த சுமார் 10 தொன் செம்புக் கட்டிகள் சைப்பிரசுத் தாதுவோடு பொருந்தியது இப்படித்தான். பழைய பாத்திரங்களை உருக்கிக் கலந்த உலோகமென்றால் இந்தக் கணக்கு உதவாது. கண்ணாடியில் வேறு வழி: எங்கள் தீவிலேயே, அம்பாந்தோட்டைக்குப் பக்கத்தில் கொடவாயவில் 2,000 வருடமளவு பழைய கப்பலில் எடுத்த கண்ணாடிக் கட்டிகளில் அலுமினா (அலுமினிய ஒட்சைட்டு) அதிகம். அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருக்கிய கண்ணாடியின் அடையாளம், ரோமக் கண்ணாடி அப்படி இராது.

கேள்வி: பலகை இடுக்கில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பிசின்?

எனக்குப் பிடித்த கேள்வி. வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்குக் குங்கிலிய மணம் தெரிந்திருக்கும். மணம் போனாலும் மூலக்கூறு மிஞ்சும். மூலக்கூறுகளைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜி.சி.எம்.எஸ். கருவியில் குங்கிலியம் ஒரு கோலம் காட்டும், பைன் மரப் பிசின் இன்னொன்று, நிலத்திலிருந்து எடுக்கும் தார் வேறொன்று. ஆனால் சாடியின் உட்பக்கமும் பிசின் பூசுவார்கள், எங்கே சுரண்டினீர்கள் என்று எழுதாமல் அனுப்பினால் விடை பாதிதான்.

கேள்வி: கார்பன் பார்த்தால் கப்பலின் வயது வருமா?

மரத்தின் வயது வரும். பழைய கப்பல் பலகையைத் திரும்பப் பாவித்திருந்தால் ஏமாந்துவிடுவோம்.

கேள்வி: கறள் பிடித்த கல்லுருண்டை ஒன்று இருக்கிறது, உடைத்துப் பார்க்கட்டா?

ஐயோ, வேண்டாம்! உள்ளே இரும்பு முழுக்கக் கரைந்து வெறும் அச்சு மட்டும் மிஞ்சியிருக்கலாம். முதலில் எக்ஸ்கதிர்ப் படம், பிறகு அந்தப் பொந்துக்குள் ரெசின் ஊற்றினால் ஆணியோ கோடரியோ வடிவமாக வந்துவிடும்.