வேக்கோ, 1993: உள்ளே இருந்தவர்கள் சொன்னதை யார் கேட்டார்கள்?

"உலக முடிவு வந்துவிட்டது என்று ஒரு ஆள் பின்னால் போகிறவர்கள் எல்லாருமே மூளைச்சலவைக்கு ஆளானவர்கள்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை என்பதே என் பதில். 'மூளைச்சலவை' என்ற அந்த ஒரு வார்த்தையோடு பேச்சை முடித்துக்கொண்டதால் உயிர்களே போயிருக்கின்றன. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகருக்கு வெளியே 1993-இல் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

நான் பெந்தெகொஸ்தே குடும்பத்தில் பிறந்தவள். இரகசிய வருகை (இயேசு வந்து விசுவாசிகளைத் தம்மோடு எடுத்துக்கொள்வது), கடைசிக் காலத்தில் எழும்பும் எதிரியான அந்திக்கிறிஸ்து, முடிவுக்கு முன் ஒவ்வொன்றாக உடைக்கப்படும் ஏழு முத்திரைகள் எல்லாம் எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்டுப் பழகியவை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு பூட்டிக் கிடந்தால், வருகை நடந்துவிட்டது, அம்மா போய்விட்டார்கள், நான் கைவிடப்பட்டேன் என்று வாசற்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அதனால்தான் வேக்கோவைப் பற்றி வாசித்தபோது அங்கே இருந்தவர்களை வேற்றுக்கிரகவாசிகளாக என்னால் பார்க்க முடியவில்லை.

அவர்கள் பெயர் பிராஞ்ச் டேவிடியன்கள். கிறிஸ்துவின் இரண்டாம் வருகையை எதிர்பார்க்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையிலிருந்து விக்டர் ஹௌடெஃப் என்பவர் பிரிந்து வந்து 1935-இல் வேக்கோ அருகே குடியேறினார். அவர் இறந்த பிறகு, 1959 ஏப்ரல் 22-இல் தீர்க்கதரிசனம் நிறைவேறும் என்று அவர் மனைவி அறிவிக்க, நூற்றுக்கணக்கானவர்கள் வீடு வாசலை விட்டுவிட்டு வந்து காத்திருந்தார்கள். எதுவும் நடக்கவில்லை. பலர் கலைந்து போனார்கள், சிலர் வேறொரு தலைவரின் கீழ் தொடர்ந்தார்கள். அந்தக் கிளைக்கு 1981-இல் வந்து சேர்ந்த இளைஞர்தான் பின்னால் டேவிட் கொரேஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். ஆக, இது ஒரே ஆள் ஒரே இரவில் கட்டிய கூட்டம் இல்லை. அறுபது வருஷ வேர் அதற்கு இருந்தது.

உள்ளே இருந்தவர்கள் யார் என்பதையும் பாருங்கள். வெய்ன் மார்ட்டின் ஹார்வர்டில் சட்டம் படித்த கறுப்பின வழக்கறிஞர். பிரிட்டனிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். பெரும்பாலானோர் அட்வென்டிஸ்ட் குடும்பங்களில் வேதாகமம் கரைத்துக் குடித்து வளர்ந்தவர்கள். கொரேஷ் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆனால் ஏழு முத்திரைகளைச் சொல்லும் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்து, சங்கீதம், ஏசாயா என்ற மற்றப் புத்தகங்களோடு முடிச்சுப்போட்டு மணிக்கணக்கில் விளக்குவார். படித்தவர்களையே கட்டிப்போட்டது அந்த விளக்கம்தான்.

கொரேஷ் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. வயது வராத சிறுமிகளைத் தன் மனைவி என்று சொல்லிச் சீரழித்தார். குழுவில் உள்ள பெண்கள் எல்லாரும், மற்றவர்களின் மனைவிமார் உட்பட, தனக்கே உரியவர்கள் என்று 1989-இல் போதித்தார். இது அப்பட்டமான குற்றம். 1992-இல் மாநிலக் குழந்தைகள் நலத் துறை விசாரித்துவிட்டு, போதிய ஆதாரம் இல்லை என்று கோப்பை மூடியது. எனக்கு ஆறவே ஆறாத இடம் இது. "பைத்தியக்காரக் கூட்டம்" என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தும் அந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் வரவில்லை. கடைசியில் அரசு வந்ததும் ஆயுத வழக்குக்காகத்தான்.

1993 பிப்ரவரி 28. மதுபானம், புகையிலை, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய முகமை சோதனைக்குக் கிளம்பியது. அதைப் படமெடுக்க வந்த தொலைக்காட்சிக் கேமராக்காரர் ஒருவர் வழி தெரியாமல் ஒரு தபால்காரரிடம் விசாரித்தார். அந்தத் தபால்காரர் கொரேஷின் மைத்துனர். சேதி உள்ளே போய்விட்டது. அது தெரிந்தும் அதிகாரிகள் பின்வாங்கவில்லை. துப்பாக்கிச் சண்டையில் 4 அதிகாரிகளும் 6 டேவிடியன்களும் இறந்தார்கள். சண்டைக்கு நடுவே வெய்ன் மார்ட்டின் அவசர எண்ணுக்குப் போன் போட்டு, உள்ளே பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள், சுடுவதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கத்திய ஒலிப்பதிவு இருக்கிறது.

பிறகு 51 நாள் முற்றுகை. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் பேச்சுவார்த்தைக் குழு பொறுமையாகப் பேசி, 21 குழந்தைகள் உட்பட 35 பேரை வெளியே கொண்டுவந்தது. ஆனால் அதே எஃப்.பி.ஐ.யின் தாக்குதல் பிரிவு இன்னொரு பக்கம் நெருக்கிக்கொண்டிருந்தது. மார்ச் 12-இல் இரண்டு பேர் வெளியே வந்தார்கள், அன்றிரவே மின்சாரத்தைத் துண்டித்தார்கள். மார்ச் 21-இல் ஏழு பேர் வந்தார்கள், அன்றிரவு ஒலிபெருக்கியில் திபெத்திய மந்திர ஓதலை அலறவிட்டார்கள். சொன்ன பேச்சைக் கேட்டு ஆள் அனுப்பினால் கிடைக்கும் மரியாதை இதுதான் என்றால், அடுத்த ஆளை யார் அனுப்புவார்?

தங்களைப் பற்றி உள்ளே இருந்தவர்கள் ஒரு வீடியோவும் அனுப்பினார்கள். ஒவ்வொருவராக வந்து, ஏன் இங்கே இருக்கிறேன் என்று நிதானமாகச் சொல்கிறார்கள். குழந்தைகள் முகம் தெரிகிறது. மக்களுக்கு இவர்கள்மேல் இரக்கம் வந்துவிடும் என்று அஞ்சி, அதைப் பத்திரிகைகளுக்கு எஃப்.பி.ஐ. கொடுக்கவில்லை. வெளியே இருந்த உலகம் பார்த்ததெல்லாம் தூரத்தில் ஒரு கட்டடம், வண்டிகள், கொரேஷின் பழைய புகைப்படம், அவ்வளவுதான்.

கொரேஷ் போனில் மணிக்கணக்கில் வேதாகமம் பேசியதை அதிகாரிகளில் பலர் வெறும் உளறலாகவே எடுத்துக்கொண்டார்கள். ஜேம்ஸ் டாபர், ஃபிலிப் ஆர்னால்ட் என்ற இரண்டு சமய அறிஞர்களுக்கு மட்டும் அதில் ஒரு கணக்கு இருப்பது புரிந்தது. ஐந்தாம் முத்திரையில், விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட சாட்சிகளின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழே இருந்து கூப்பிடும், மற்ற சாட்சிகளும் கொல்லப்படும்வரை கொஞ்சக்காலம் பொறுத்திருக்கும்படி அவற்றுக்குச் சொல்லப்படும். ஆறு பேரைப் பறிகொடுத்துவிட்டு, சுற்றிலும் இராணுவ வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்! ஒவ்வொரு நெருக்கடியும் தலைவர் சொன்னதை மெய்யாக்கிக் காட்டியது. அறிஞர்கள் இருவரும் ஏப்ரல் 1-இல் வானொலியில் அந்த வேதாகமப் பகுதிகளை டேவிடியன்களின் முறையிலேயே விளக்கி, முடிவு இப்போதே வரவேண்டியதில்லை என்று வாசிக்க இடமுண்டு என்று காட்டினார்கள். ஏப்ரல் 14-இல் கொரேஷிடமிருந்து கடிதம் வந்தது: ஏழு முத்திரைகளுக்கும் விளக்கம் எழுதி முடித்ததும் வெளியே வருகிறேன்.

மார்ச் மாதமே ஒருமுறை வருகிறேன் என்று சொல்லி, கடவுள் காத்திருக்கச் சொன்னார் என்று வராமல் இருந்தவர் அவர். அதனால் இதுவும் சாக்குப்போக்கு என்று எஃப்.பி.ஐ. முடிவுகட்டியது. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஏப்ரல் 19 காலையில் கவச வண்டிகளை விட்டுச் சுவரை இடித்து, கண்ணீர்ப்புகையைச் செலுத்தினார்கள். மதியம் தீப்பிடித்தது. 76 பேர் இறந்தார்கள், அதில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். தீ வைத்தது உள்ளே இருந்தவர்களே என்று 2000-இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உயிர் தப்பி ஓடிவந்த ஒரு பெண்ணிடம் ஒரு கணினி வட்டு இருந்தது. அதில் முதல் முத்திரைக்கான விளக்கம் எழுதி முடிக்கப்பட்டிருந்தது.

வேறு விதமாக நடத்தியிருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு மூன்றே வருஷத்தில் விடை கிடைத்தது. 1996-இல் மொன்டானாவில் ஃப்ரீமென் என்ற, மதமும் அரசு வெறுப்பும் கலந்த ஆயுதக் குழுவை அதே எஃப்.பி.ஐ. சுற்றி வளைத்தது. இந்த முறை சமய அறிஞர்களை அழைத்து, இவர்கள் என்ன நம்புகிறார்கள், எந்தச் சொல் எடுபடும், எது எடுபடாது என்று கேட்டுக்கொண்டு பேசினார்கள். 81 நாள் ஆனது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் எல்லாரும் சரணடைந்தார்கள், வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.