உங்கள் கதையின் நீலக் கூடு பற்றி

வணக்கம். சாட்டின் பவர்பேர்டு (satin bowerbird) என்ற பறவை ஜோடி சேர்ந்து நீலப் பூக்களால் கூடு கட்டுவதாகக் கதை எழுதியிருக்கிறீர்கள். அறிவியல்படி தவறு என்று நண்பர் சொன்னதால் கிழித்துப் போடலாமா என்கிறீர்கள். வேண்டாம். நண்பர் சொன்னது சரிதான், ஆனால் உண்மை உங்கள் கதைக்கு இன்னும் வளம் சேர்க்கும்.

கிழக்கு ஆஸ்திரேலியாவில் வாழும் இந்தப் பறவையில் ஆண் கட்டுவது கூடே அல்ல, குடில். குச்சிகளால் இரண்டு சுவர், எதிரே நீல இறகு, பூ, பாட்டில் மூடி. எல்லாம் பெண்ணை வரவழைக்கத்தான். பக்கத்துக் குடிலில் திருடவும் செய்யும்! பெண் பல குடில்களைப் பார்த்துத் துணையைத் தேர்ந்தெடுக்கும். அப்புறம் மரத்தில் தனியாகக் கூடு கட்டி, குஞ்சுகளையும் தனியாகவே வளர்க்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஆட்டம். ஆண் மூர்க்கமாக ஆடும்போது பெண் மிரண்டுவிடும். பறவை ஆய்வாளர் கெயில் பாட்ரிசெல்லி குழுவினர் ரோபோ பெண்பறவையை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. பெண்ணின் அசைவைக் கவனித்து வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஆண்களுக்கே துணை அதிகம் அமைகிறதாம். உங்கள் கதைக்கு மையம் அந்தக் கவனிப்புதான் என்பேன். நீலப் பூ வரிகள் அப்படியே இருக்கட்டும். கூட்டைக் குடிலாக்குங்கள், கடைசிப் பத்தியில் பெண்ணைத் தனியே அனுப்புங்கள்.