எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே போனைக் காட்டுகிறார்களே, வாங்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறேன். 15,000 ரூபாய்க்குள் போன் வாங்கச் சேலத்துக்கு இறங்கினேன். ஐந்து ரோடு பக்கம் ஏறிய கடையிலெல்லாம் ஒரே மாடலைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அக்கா வீட்டிலும் அதேதான். அவ்வளவு நல்ல போனா அது?

பதில்: மோசமாக இருக்காது. ஆனால் ஒரு மாடல் ஊரெல்லாம் ஓடுவதற்கு அதன் தரம் மட்டுமே காரணமில்லை.

இப்படி ஊரெல்லாம் ஓடிய ரெட்மி நோட் 4 நினைவிருக்கிறதா? 2017 ஜனவரியில் 9,999 ரூபாய் ஆரம்ப விலையில் வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஜியோ வந்து டேட்டா மலிந்திருந்தது. பகல் முழுக்க வீடியோ பார்க்க ஆரம்பித்தவர்களுக்குச் சார்ஜ் நிற்கும் போன் தேவைப்பட்டது. இதில் 4100 எம்ஏஎச் பேட்டரி, கூடவே மின்சாரத்தை அதிகம் தின்னாத ஸ்னாப்டிராகன் 625 சிப். கேமரா சுமார்தான், யாரும் கவலைப்படவில்லை.

அப்படி ஒரு மாடல் கொஞ்சம் ஓடிவிட்டால் அப்புறம் அது தானாகவே ஓடும். அதற்கான பேக் கவரும் டெம்பர் கிளாஸும் எல்லாக் கடையிலும் தொங்கும். டிஸ்ப்ளே உடைந்தால் சர்வீஸ் கடையில் காம்போ (டிஸ்ப்ளேயும் டச் கண்ணாடியும் சேர்ந்த பாகம்) கையிருப்பில் இருக்கும். காலையில் கொடுத்துச் சாயங்காலம் வாங்கிவிடலாம். அதிகம் விற்காத மாடல் என்றால் "ஆர்டர் போட்டுத்தான் வரணும்" என்பார்கள். அந்த ஒரு வாரம் நீங்கள் போன் இல்லாமல் இருக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஏதாவது செட்டிங் புரியவில்லை என்றாலும், அதே போன் வைத்திருக்கும் அக்கா மகனைக் கேட்கலாம்.

கடையின் கணக்கு வேறு. பல கடைகளில் உங்களிடம் பேசும் ஆளுக்குச் சம்பளம் தருவது போன் கம்பெனிதான். எந்த மாடலுக்கு ஊக்கத்தொகை அதிகமோ, எதற்கு வட்டியில்லாத் தவணை இருக்கிறதோ, அதுதான் முதலில் மேஜைக்கு வரும். பெட்டியில் "16 ஜிபி ரேம்" என்று பெரிதாகப் போட்டிருந்தால் நிஜ ரேம் எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் பாதி, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியதாக இருக்கும். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்பதையும் கேளுங்கள். அதைத் தானாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஏற்காட்டில் கேமராவை விட சிக்னல் முக்கியம். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசைகள் தூரமாகப் போகும், மேடு பள்ளத்தையும் ஓரளவு சமாளிக்கும். 2022 அலைக்கற்றை ஏலத்தில் ஜியோ 5ஜிக்காக 700 அலைவரிசையை வாங்கியது. நீங்கள் ஜியோ என்றால் போனில் என்28 (n28) பேண்ட், அதாவது அந்த 700 அலைவரிசையில் 5ஜி பிடிக்கும் வசதி, இருக்கிறதா என்று கம்பெனியின் இணையதளத்தில் பாருங்கள். ஒரே மாடலிலும் நாட்டுக்கு நாடு பேண்ட் மாறும், அதனால் இந்தியப் பக்கத்தையே பாருங்கள். பனியும் சாரலும் இருக்கிற ஊர் என்பதால் தூசியையும் தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும் ஐபி64 (IP64) அளவு தடுப்பாவது இருந்தால் நல்லது.

பணம் கட்டும் முன் அக்கா போனில் உங்கள் சிம்மைப் போட்டு, உங்கள் வீட்டில் சிக்னல் மோசமாக இருக்கும் மூலையில் நின்று ஒரு கால் பேசிப் பாருங்கள். தெளிவாகக் கேட்டால் அந்த மாடலையே வாங்கலாம். கேட்கவில்லை, ஆனால் வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது என்றால், செட்டிங்கில் வைஃபை காலிங்கை (டவருக்குப் பதில் வைஃபை வழியாகக் கால் போகும் வசதி) ஆன் செய்துவிட்டு இன்னொரு முறை முயலுங்கள்.