மிருக வைத்தியர் ஆகாவிட்டால் மிருகக்காட்சிச்சாலையில் வேலையே இல்லையா?

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்திருக்கிறாள். மிருக வைத்தியப் படிப்புக்கு வெட்டுப்புள்ளி காணாது போலிருக்கிறது. ஆனாலும் மிருகக்காட்சிச்சாலையில்தான் வேலை செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அங்கே வைத்தியரை விட்டால் கூடு கழுவுகிறவர்கள்தானே? வேறு என்ன பதவிகள் இருக்கின்றன, யாருக்குக் கீழே யார்?
- ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: கூடு கழுவுகிறவரிடமிருந்தே தொடங்குகிறேன் அம்மா. மற்றப் பிரிவுகள் எல்லாம் அவர் கொண்டுவரும் செய்தியை நம்பித்தான் ஓடுகின்றன.

பராமரிப்பாளர் காலையில் வந்ததும் முதலில் பூட்டைப் பார்ப்பார், அடுத்து தலை எண்ணுவார். விளக்குமாறு அதற்குப் பிறகுதான். நேற்று வைத்த தீனியில் எது மிச்சம், சாணம் இளகியிருக்கிறதா, எது கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கிறது என்று கண்ணோட்டிக்கொண்டே கூட்டுவார். காட்டு மிருகம் தன் நோயை வெளியே காட்டாது. தளர்ந்து தெரிந்தால் காட்டில் அதன் கதை முடிந்துவிடும். கம்பிக்கு வெளியே நிற்கிற நமக்கே வருத்தம் தெரிகிறதென்றால் அநேகமாகக் காலம் பிந்திவிட்டது.

ஒரு சிறுத்தை இறைச்சியில் பாதியை விட்டுவிட்டது என்று வையுங்கள். பராமரிப்பாளர் அதை நாளாந்தக் குறிப்பில் எழுதி, தலைமைப் பராமரிப்பாளரிடம் சொல்கிறார். அவர் கியூரேட்டரிடம் கொண்டுபோகிறார். கியூரேட்டர் என்பவர் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன என்று ஒரு தொகுதிக்குப் பொறுப்பானவர். எந்த மிருகம் எங்கே இருக்கும், எதோடு சேரும், குட்டி போடலாமா கூடாதா என்பதெல்லாம் அவர் பாடு. அவர்தான் வைத்தியரை அழைப்பார். மயக்க ஊசி போட வேண்டுமென்றால், அதற்கு முன் பட்டினி போடச் சொல்லி உணவு தயாரிக்கும் பிரிவுக்குத் தகவல் போகும். பாதுகாப்புப் பிரிவு அந்தப் பாதையை மூடும். பதிவேட்டு உத்தியோகத்தர் அந்த மிருகத்தின் பழைய சிகிச்சை விவரத்தை எடுத்துக் கொடுப்பார். சிறுத்தை ஏன் வெளியே இல்லை என்று கேட்கிற பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்விப் பிரிவு பதில் சொல்லும். இவ்வளவும் ஒரு துண்டு மிச்ச இறைச்சியால்!

இதில் வைத்தியர் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்திருப்பவர் அல்ல என்பதைக் கவனியுங்கள். பராமரிப்பாளர்கள் வழக்கமாகக் கியூரேட்டருக்குக் கீழேதான் வருகிறார்கள். நோயுற்ற குரங்கைத் தனியே பிரித்து வை என்பார் வைத்தியர். நாள் கடந்து திரும்ப விட்டால் கூட்டம் அதை அடித்து விரட்டும் என்பார் கியூரேட்டர். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இந்த இழுபறி நடக்கிற இடம்தான் ஒழுங்காக இயங்குகிறது என்பது என் எண்ணம்.

மகள் உயிரியல் படித்தவள் என்பதால் இரண்டு பிரிவுகளை அவளுக்குக் காட்டுங்கள். ஒன்று பதிவேடு. தாய் தகப்பன் யார், எப்போது பிறந்தது, எங்கிருந்து வந்தது என்ற விவரம் இல்லாமல் இன்னொரு மிருகக்காட்சிச்சாலையோடு மிருகங்களைப் பரிமாற முடியாது. நெருங்கிய இரத்த உறவுக்குள் இனம் பெருகுவதையும் தடுக்க முடியாது. உலகில் பல இடங்களில் இதற்கு ஸிம்ஸ் என்ற பொதுத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறார்கள். மற்றது உணவுப் பிரிவு, அதாவது போசாக்குக் கணக்கு. தோட்டம், திருத்தவேலை, நுழைவுச்சீட்டு, கணக்கு ஆகியவை எந்த நிறுவனத்திலும் இருப்பவைதான். மீன்காட்சிச்சாலையில் மட்டும் நீர்ப்பம்பி பார்க்கிறவரும் வைத்தியருக்குச் சமம். பம்பி நின்றால் மீன்கள் அதிக நேரம் தாங்காது.

நம் நாட்டில் இந்த வேலைகள் பெரும்பாலும் தேசிய விலங்கியல் பூங்காத் திணைக்களத்தில்தான். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, பின்னவல யானைகள் சரணாலயம், ரிதியகம சபாரிப் பூங்கா எல்லாம் அதன் கீழே வருகின்றன. கந்தளாய்ப் பக்கம் வயலுக்குள் யானை வந்தால் ஓடி வருவதும், 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவைப் பார்ப்பதும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். அது வேறு, இது வேறு. குழம்புவதற்கும் காரணம் உண்டு: பின்னவல யானைகள் சரணாலயத்தை 1975இல் தொடங்கியது வனசீவராசிகள் திணைக்களம், 1978இல்தான் அது இந்தப் பக்கம் கைமாறியது. பிள்ளைக்குக் காடுதான் வேண்டுமென்றால் தட்ட வேண்டிய கதவே வேறு.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பதவி உயர உயர மிருகம் தூரமாகிவிடும். கியூரேட்டரின் நாளில் பாதி கூட்டம், டெண்டர், கடமைப் பட்டியல் என்று போய்விடும். மிருகத்தோடேயே இருக்க ஆசையென்றால் பராமரிப்புப் பக்கம் நிற்க வேண்டும், சம்பளமும் அதற்கேற்றபடிதான். வருடப்பிறப்பு, பாடசாலை விடுமுறை என்று ஊரே ஓய்வெடுக்கிற நாளில்தான் அங்கே கூட்டம் அலைமோதும், லீவு கிடைக்காது. சிங்களம் சரளமாகப் பேசாமல் அங்கே காலம் தள்ளுவதும் கஷ்டம்.

படிப்பைப் பொறுத்தவரை, மிருக வைத்தியம் பேராதனையில் மட்டும்தான். அது கைகூடாவிட்டால் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ யாழ்ப்பாணத்திலோ விலங்கியல் படிக்கலாம். ஒவ்வொரு பதவிக்கும் தகைமை வேறு. ஆட்கள் சொல்வதை நம்பாமல் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பாருங்கள்.

அதுவரைக்கும் பிரெட்ரிக் கோட்டைக்கு ஒரு கொப்பியோடு அனுப்புங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் நிற்கிற புள்ளிமான்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அது என்ன செய்கிறது என்று எழுதட்டும்: மேய்கிறது, அசைபோடுகிறது, பொலித்தீனை மெல்லுகிறது. தீனி கொடுக்கக் கூடாது, கிட்டப் போகவும் கூடாது. பராமரிப்பாளரின் நாளாந்தக் குறிப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நேர்முகத் தேர்வுக்கு அந்தக் கொப்பியைக் கொண்டுபோகலாம். ஒரு மாதத்துக்குள் சலித்துவிட்டால் அதுவும் நட்டமில்லை; பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புமுன்பே தெரிந்துவிடும்.