சுமப்பதா, ஒளிவதா?

வணக்கம் அக்கா,

கேம்கள் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைத் தவறாமல் படிக்கிறேன். எனக்கு ஒரு சின்னக் குழப்பம். உங்களுக்குச் சிரிப்பாகக்கூட இருக்கலாம்.

எங்களுக்குப் பையன் பிறந்து ஆறு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் எதுவும் விளையாடவில்லை. இப்போதுதான் இரவில் அவன் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. ஒரே ஒரு கேம் வாங்கி அதை முழுதாக முடித்துவிடலாம் என்று தேடத் தொடங்கி, கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறேன்: டெத் ஸ்ட்ராண்டிங், ஏலியன்: ஐசொலேஷன்.

தொல்லை என்னவென்றால் விமர்சனங்கள். முதலாவதை ஒருவர் வானளாவப் புகழ்கிறார். இன்னொருவர் அது வெறும் பார்சல் சுமக்கும் வேலை என்று முடித்துவிடுகிறார். இரண்டாவதைத் திகில் கேம்களின் உச்சம் என்கிறார்கள். பாதியிலேயே முடிந்திருக்க வேண்டியது என்றும் சொல்கிறார்கள். விளையாடக் கிடைத்த ஒரு வார இரவுகளை ரிவ்யூ பார்த்தே தீர்த்துவிட்டேன். யாரை நம்புவது? இவர்களில் சிலர் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார்களா?

கடைசியாக ரசித்து விளையாடியது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. கதையை முடித்ததைவிடக் குதிரையில் சும்மா சுற்றியதுதான் அதிகம். திகில் படங்கள் பிடிக்கும். திகில் கேம் இதுவரை விளையாடியதில்லை.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

சிரிப்பு வரவில்லை, கொஞ்சம் பொறாமை வந்தது. இந்த இரண்டையும் முதல்முறையாக விளையாடும் சந்தர்ப்பம் உங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். விளம்பரத்துக்குப் பேசுபவர்கள் எல்லாத் துறையிலும் இருப்பதுபோல இங்கும் உண்டு. ஆனால் காசு கொடுத்துப் பேச வைத்தால் எல்லோரும் ஒரே மாதிரிப் புகழ்வார்கள். நீங்கள் பார்த்திருப்பது நேர்மையான சண்டை.

எவ்வளவு பெரிய சண்டை என்பதற்கு மதிப்பெண்களைப் பாருங்கள். டெத் ஸ்ட்ராண்டிங் 2019 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. ஜப்பானின் ஃபாமிட்சு இதழில் நான்கு விமர்சகர்கள் ஆளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது வழக்கம். நால்வரும் முழுதாகக் கொடுத்து 40-க்கு 40 ஆக்கினார்கள். அதே கேமுக்கு ஐஜிஎன் என்ற கேம் விமர்சனத் தளம் கொடுத்தது 10-க்கு 6.8. ஏலியன்: ஐசொலேஷன் 2014 அக்டோபரில் வந்தது. பிசி கேமர் இதழ் 100-க்கு 93 கொடுத்தது, ஐஜிஎன் 10-க்கு 5.9. இப்போது எல்லா விமர்சனங்களின் சராசரியைக் காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் போய்ப் பார்த்தால் இரண்டுமே 80-ஐ ஒட்டி, ஒரே பெஞ்சில், நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருக்கும். இந்த 80 ஒரு கூட்டல் வகுத்தல் கணக்கு. அதை உணர்ந்த மனிதர் என்று அநேகமாக யாருமே இல்லை. சராசரி ஆழம் முழங்கால் அளவுதான் என்று யாராவது சொன்னால் நாம் ஆற்றில் இறங்குவோமா?

எனக்கு ஒரு பழைய சூடு உண்டு. எல்லோரும் ஒரே குரலில் முழு மதிப்பெண் கொடுத்த ஒரு கேமை வாங்கி, மூன்றாவது மணி நேரத்தில் மூடிவைத்தேன். (பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள்.) கேம் மீது குற்றமில்லை. நான் படித்த விமர்சனங்களில் 'பிரம்மாண்டம்', 'அற்புதம்' எல்லாம் இருந்தன. உட்கார்ந்தால் கை என்ன செய்யும், மனம் எங்கே இருக்கும் என்பது மட்டும் ஒன்றிலும் இல்லை. ஒத்துப்போகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் அவசியம் வருவதில்லை. இரண்டு பேர் முட்டிக்கொள்ளும்போதுதான் தன் கட்சிக்குச் சான்று தேடி ஆளாளுக்கு விவரத்தை வெளியே எடுக்கிறார்கள். ஆகவே முரண்படும் விமர்சனங்கள் உங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். அதை மதிப்பெண்ணாகப் படித்ததால்தான் தலை சுற்றுகிறது. புகழ்பவரும் திட்டுபவரும் கேமுக்குள் எந்த இடத்தில் நின்று பேசுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் இருவர் நிற்பதும் ஒரே இடமாக இருக்கும்.

டெத் ஸ்ட்ராண்டிங்கை எடுத்துக்கொள்வோம். சாம் என்பவர் சிதறிப்போன ஊர்களுக்கு நடுவே நடந்து பொருள் கொண்டு சேர்க்கிறார். முதுகில் ஆளுயரத்துக்கு அடுக்கிய பெட்டிகள். எதை எங்கே அடுக்குவது என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். உயரமாக அடுக்கினால் நடை தள்ளாடும், ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்து நிலைக்கு வர வேண்டும். கூழாங்கல் தடுக்கும். ஆற்றில் இடுப்பளவுக்கு மேல் இறங்கினால் இழுத்துக்கொண்டு போகும், பெட்டிகள் உங்கள் கண்முன்னே மிதந்து போகும். மழை பட்டால் பெட்டிகள் துருப்பிடிக்கும், ஏனென்றால் அங்கே பெய்யும் மழை தொட்டதையெல்லாம் மூப்படையச் செய்கிறது. துப்பாக்கி உண்டு, பூதங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான நேரம் உங்கள் எதிரி ஒரு மேடு.

பிடிக்காதவர்கள் இதைத்தான் சலிப்பு என்கிறார்கள். பிடித்தவர்கள் தியானம் என்கிறார்கள். எந்தத் தகவலிலும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த மேட்டை ஏறி முடித்து, மறுபக்கம் தொலைவில் ஊர் தெரியும்போது, கேமரா மெல்லப் பின்வாங்கி லோ ரோர் என்ற இசைக்குழுவின் பாட்டு தொடங்கும் ஒரு கணம் உண்டு. அதற்காக நாற்பது நிமிடம் நடந்தது தகும் என்று தோன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி. தகாது என்பவர்களையும் எனக்குப் புரிகிறது. அவர்கள் ரசனை இல்லாதவர்கள் கிடையாது, நாற்பது நிமிடத்தில் வேறு ஏதாவது நடந்திருக்கலாமே என்று கேட்கிறார்கள்.

இன்னொன்றும் இங்கே சேர்கிறது. முகம் தெரியாத மற்ற ஆட்டக்காரர்கள் விட்டுச்சென்ற ஏணி, கயிறு, பாலம் உங்கள் உலகத்தில் தோன்றும். வழுக்கும் பாறையில் யாரோ ஊன்றிய கயிறு தொங்குவதைப் பார்த்தால் உண்மையிலேயே நன்றி சொல்லத் தோன்றும். லைக் கொடுத்துவிட்டுப் போகலாம். வெளியீட்டுக்கு முன்பே, கெடுவுக்குள் எழுதித் தர வேண்டும் என்று ஓடி முடித்த விமர்சகருக்கு இந்த உலகில் துணையாக இருந்தவர்கள் சொற்பம். கதையை மட்டும் முடிக்கவே சுமார் 40 மணி நேரம் ஆகும் கேம் இது. அதைச் சில நாளில் விழுங்கியவரின் களைப்பும் அந்த 6.8-க்குள் இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நிரூபிக்க முடியாது. ஆனால் நீங்கள் தினம் ஒரு மணி நேரம் ஆடப்போகிறவர். ஒரே உட்காரலில் எட்டு மணி நேரம் சுமந்தவருக்குக் கூலி வேலையாகப் பட்டது, இரவுக்கு ஒரு பயணம் என்று போகிறவருக்கு வேறாகத் தெரியும்.

இப்போது ஏலியன்: ஐசொலேஷன். செவஸ்டபோல் என்ற பாழடைந்த விண்வெளி நிலையம், அதில் பெரும்பாலான நேரம் உங்களைத் தேடுவது ஒரே ஒரு ஏலியன். அதைக் கொல்ல முடியாது. தீ உமிழும் கருவியால் கொஞ்ச நேரம் விரட்டலாம், அவ்வளவுதான். அது குறித்த பாதையில் நடந்துவிட்டுத் திரும்பும் பொம்மை இல்லை. காற்றுக்குழாய்க்குள் ஏறும், எதிர்பாராத கதவில் வரும், ஓசை கேட்டால் திரும்பும். நீங்கள் அலமாரிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கையில் அசைவைக் காட்டும் கருவி, அது எழுப்பும் 'டிக்' சத்தமே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடலாம். மேதைத்தனம் என்று சிலர் சொல்வதும் இதைத்தான், சித்திரவதை என்று சிலர் சொல்வதும் இதைத்தான். ஏறத்தாழ இருபது மணி நேரம் இப்படியே. முடிந்தது என்று மூச்சு விடும்போது இன்னொரு நடைபாதை திறக்கும். நீளம் பற்றிய புகாரில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு. கடைசி மூன்றில் ஒரு பங்கைச் சுருக்கியிருக்கலாம்.

இதில் உங்களுக்கு முக்கியமான ஒரு விஷயம் விமர்சனங்களில் ஒரு வரியாக வந்துபோயிருக்கும். இந்தக் கேமில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. சுவரில் பொருத்திய கருவியைத் தேடிப்போய் அட்டையைச் செருக வேண்டும். அது விளக்கு எரிந்து தயாராகச் சில விநாடிகள் ஆகும், அந்த விநாடிகளிலேயே ஏலியன் பின்னாலிருந்து வாலைச் செருகிக் கொன்றுவிடும். அடுத்த கருவி வரும்வரை பட்ட பாடெல்லாம் போச்சு. திகிலுக்கு இது பிரமாதமான யோசனை. ஆனால் ஆறு மாதக் குழந்தையின் அப்பாவுக்கு? பாஸ் போட்டுவிட்டு எழுந்து போகலாம், உண்மைதான். பையன் திரும்பத் தூங்க இரண்டு மணி ஆனால், அலமாரிக்குள் மூச்சைப் பிடித்தபடி நிற்கும் கேமின் நாயகியை அப்படியே விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டியிருக்கும். மறுநாள் அதே இருபத்தைந்து நிமிடத்தை மறுபடி. இதற்கு 93-ம் பதில் சொல்லாது, 5.9-ம் பதில் சொல்லாது. டெத் ஸ்ட்ராண்டிங் அடிக்கடி தானே சேவ் செய்துகொள்ளும், நாமும் மெனுவில் செய்துகொள்ளலாம்.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். உங்கள் ரசனைக்கு ஒத்த விமர்சகரைத் தேடிப்பிடி என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அப்படி ஒருவர் கிடைக்க வருடக்கணக்காகும். அதைவிட, உங்கள் ரசனைக்கு நேர் எதிரானவர் சட்டென்று கிடைப்பார், ஏறக்குறைய அதே அளவுக்குப் பயன்படுவார். நீங்கள் ரசித்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மெட்டாக்ரிட்டிக்கில் 97 வாங்கியது. ஆனாலும் அது ஆமை வேகம், ஒரு இழுப்பறையைத் திறக்கவே இத்தனை நேரமா என்று அலுத்துக்கொண்டவர்கள் நிறைய. அவர்களில் ஒருவர் டெத் ஸ்ட்ராண்டிங் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். இதுவும் ஆமை வேகம் என்று எரிச்சல்பட்டிருந்தால் அது உங்களுக்குப் பரிந்துரை. அவர் குதிரையில் சும்மா சுற்றாதவர், நீங்கள் சுற்றியவர்.

சில முரண்பாடுகள் ரசனையால் வருவதில்லை, அவற்றைத் தனியாக வைக்க வேண்டும். சைபர்பங்க் 2077-ஐ 2020 டிசம்பரில் வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் பார்த்தது பிசியில். பழைய பிளேஸ்டேஷன் 4-இல் அது தடுமாறிய தடுமாற்றத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டு, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. ஒரே பெயரில் இரண்டு கேம்கள் என்றே சொல்லலாம். 2016-இல் வந்த நோ மேன்ஸ் ஸ்கை வேறு வகை. அன்றைய விமர்சனத்தில் இருக்கும் கேம் இன்று இல்லை, அத்தனை அப்டேட்கள். ஆகவே எந்த மெஷினில், எந்த மாதத்தில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட இரண்டுக்கும் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. டெத் ஸ்ட்ராண்டிங்கின் டைரக்டர்ஸ் கட் என்ற விரிவாக்கிய பதிப்பு பிசிக்கு 2022-இல் வந்தது, அதையே வாங்குங்கள்.

கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் காட்டும் சதவீதத்தையும் பலர் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கிறார்கள். 90 சதவீதம் என்றால் நூறில் தொண்ணூறு பேர் 'வாங்கலாம்' என்று கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள். எவ்வளவு பிடித்தது என்பது அதில் கிடையாது. எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு விமர்சனத்தோடும் அவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று காட்டுவதுதான். முந்நூறு மணி நேரம் ஆடிவிட்டு வாங்காதீர்கள் என்று எழுதியிருப்பவர்களை நான் தேடித்தேடிப் படிப்பேன். அதில் விமர்சனத்தைவிடப் பிரிவுத்துயர் அதிகம் இருக்கும்.

வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாமே என்று யோசித்திருப்பீர்கள். ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்ப வரும். இந்த இரண்டு கேமுக்கும் அந்தச் சோதனை சரிப்படாது. டெத் ஸ்ட்ராண்டிங்கின் முதல் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், நடை குறைவு. ஐசொலேஷனில் ஏலியனோடு நிஜமான கண்ணாமூச்சி தொடங்கும் மருத்துவப் பகுதிக்குப் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வந்துசேர்வீர்கள்.

ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்: டெத் ஸ்ட்ராண்டிங். ஐசொலேஷன் எங்கும் ஓடிவிடாது. பையன் விடியவிடியத் தூங்கப் பழகிய பிறகு அதை எடுங்கள். திகில் படம் பிடிக்கும் என்பதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். படத்தில் கதவைத் திறப்பது வேறு யாரோ. இங்கே நீங்கள் திறக்காதவரை கதவு திறக்காது.

மூன்றாம் அத்தியாயம்வரை பொறுங்கள். நிலம் விரிவது அங்கேதான். அதற்குப் பிறகும் மேடு வெறும் மேடாகவே இருந்தால் கூச்சப்படாமல் நிறுத்திவிட்டு எனக்குத் திட்டி எழுதுங்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். சாமின் நெஞ்சில் ஒரு குடுவைக்குள் கைக்குழந்தை இருக்கும். நீங்கள் தடுக்கி விழுந்தால் அது வீறிட்டு அழும், ஆட்டிச் சமாதானப்படுத்த வேண்டும். ஆகவே ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். எந்தக் குழந்தை அழுகிறது என்று தெரிய வேண்டும்.